துரைச்சாமிக்கு யார் பங்காளி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஏலக்காய் சுற்றிவந்த தாளில் கிடைத்தது. குமுளிக் கடைக்காரர் கிழித்த ஆங்கிலப் பத்திரிகையில், மக்நாப் என்ற ஸ்காட்லாந்துக் குலப்பெயரின் வரலாறு பாதி இருந்தது. 'மடாதிபதியின் மகன்' என்று பொருளாம். (மடாதிபதிக்கு ஏது மகன் என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு காலத்தில் மடமே அப்பனிடமிருந்து மகனுக்குப் போகுமாம்.) அந்தப் பெயர்க்காரர் ஒருவர் கனடாவில் ஆட்சித் தலைமைவரை போயிருக்கிறார். குலத்தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்ற வரியோடு தாள் கிழிந்திருந்தது. மீதி யார் வீட்டு ஏலக்காயோடு போயிற்றோ.

2.

தொடக்கம் ஒன்று: 1974-ஆம் ஆண்டு, சின்னக்கானல் மலையில் மூடுபனி போர்வையாய்—

வேண்டாம். பனியில் தொடங்கும் எஸ்டேட் கதைகள் போதும் போதும் என்றிருக்கிறது.

தொடக்கம் இரண்டு: வேலுத்தாயின் மகள் கல்யாணம் நின்றுபோகும் போலிருந்தது.

மகள் குருவம்மாளையும் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் பொன்ராஜையும் பேசி முடித்து, வெற்றிலை மாற்றப்போகும் நேரத்தில் எஸ்டேட் லயத்துக் குடியிருப்பின் பூசாரி கருத்தப்பாண்டி குறுக்கே நின்றார். இரண்டு குடும்பமும் வேறு வேறு ஊரிலிருந்து மலையேறியவை. குலதெய்வத்துக்குப் போய்வர லீவு கிடைக்காத வருஷங்களில், அந்தத் தோட்டத்தை உண்டாக்கி அங்கேயே செத்துப்போன மக்நாப் துரைக்குத் தேயிலைச் சரிவிலிருந்த கல்லறைக்கே சுருட்டும் சாராயமும் படைத்து, பிள்ளைகளுக்கு முதல் முடி இறக்கியிருந்தார்கள்.

"ஒரே சாமிக்கு மொட்ட போட்டவுக பங்காளிகதான? அண்ணன் தங்கச்சி மொறையில்ல வருது?" என்றார் கருத்தப்பாண்டி.

(சின்னக்கானலில் அந்தக் கல்லறையைத் தேடாதீர்கள். கட்டியது நான்.)

3.

கருத்தப்பாண்டியை வில்லனாக்கப் பார்த்தேன். பெரிய மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஆள் ஒத்துவரவில்லை. முறை தவறிக் கட்டினால் துரைச்சாமி குழந்தை கொடுக்காது என்று அவர் நிஜமாகவே பயந்தார். குருவம்மாளைத் தோளில் போட்டு வளர்த்தவர் வேறு. கெட்டவன் போடும் தடையை எழுத்தாளன் சுலபமாகத் தாண்டிவிடுவான். நல்லவன் தடை அப்படியில்லை.

அதனால் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு மக்நாப்பை வரவழைத்தேன். தாத்தாவின் கல்லறை பார்க்க வந்தவர். எஸ்டேட் கிளார்க் அமிர்தநாதன் கூடவே நின்று மொழிபெயர்த்தார்.

"ஐயா, அவுக கொலத்துல ஒரே பேர்க்காரவுக கட்டிக்கிடுவாகளான்னு கேளுங்க" என்றாள் வேலுத்தாய்.

தாராளமாக, என்றார் வெள்ளைக்காரர். அவருடைய அம்மாவும் பிறந்தது மக்நாப்பாகத்தானாம்.

உதவி உபத்திரவமாயிற்று. கருத்தப்பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அண்ணன் தங்கச்சியக் கட்டுற கூட்டம். இவுககிட்டயா மொறை கேக்குற?"

4.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பொன்ராஜும் குருவம்மாளும் போடிக்கு பஸ் ஏறினார்கள். (வேலுத்தாய்க்குச் சொல்லாமல் போனதால் கிழித்துவிட்டேன்.) இன்னொன்றில் வெள்ளைக்காரர் கல்லறைக் கல்லைப் பெயர்த்து எடுத்து—

மூன்றாவதை வேலுத்தாய் என்னைக் கேட்காமலே தொடங்கிவிட்டாள்.

"இன்னொண்ணும் கேளுங்கய்யா. பங்காளின்னா சொத்துல பங்கு உண்டும்ல? நாங்க இந்தத் துரைக்குப் பங்காளின்னா, அவுக ஊர்ல எங்களுக்கு ஒரு மொழம் எடம் உண்டா?"

அமிர்தநாதன் தயங்கித்தான் கேட்டார். வெள்ளைக்காரர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். வேலுத்தாயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இல்லை என்று தலையசைத்தார்.

"இங்க? இவுக தாத்தா வச்ச தேயிலையில?"

அதற்கும் இல்லை.

வேலுத்தாய் பூசாரியின் பக்கம் திரும்பினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, பங்குன்னு கேட்டா நம்மள யாருன்னே தெரியாதுங்காக. அப்புறம் எதுக்கு எம் மகள மட்டும் பங்காளியாக்குறீக?"

கருத்தப்பாண்டி வாயைத் திறந்தார்.

அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என் ஆசையைத்தான் எழுதுவேன். நீங்கள் போய் அவர் இடத்தில் நில்லுங்கள். முறை தவறிவிடுமோ என்று பயப்படுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் என்ன சொல்வதானாலும் வேலுத்தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.