மறுதரம் கேட்பார்கள்

சிங்கராயர் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வழக்கம் உண்டு. மனைவி சேசம்மாள் இரண்டாவது முறை சோற்றுச் சட்டியோடு வந்ததும், தட்டின் மேல் கையை விரித்து "போதும்" என்பார். அவள் நகர மாட்டாள். "கொஞ்சமாச்சும்" என்பாள். அப்போதுதான் கை விலகும். வடக்கன்குளத்துப் பக்கம் மானமுள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்டதும் நீட்டுகிறவன், அதற்காகவே காத்துக் கிடந்தவன் என்று ஆகிவிடுவான். பெண் கேட்டு வந்தாலும் அப்படித்தான். முதல் நாளே தலையாட்டுகிற தகப்பனை ஊர் மதிக்காது.

தாராவியில் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்து, மில் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தலைமைக் குமாஸ்தாவாகி, செம்பூரில் இரண்டு அறை வீடு பிடித்தவர் அவர். யாரிடமும் போய்க் கையேந்தி நின்றதில்லை என்பதுதான் அவர் சேர்த்த சொத்து. ஒரே மகள் இருதயமேரி எம்.எஸ்ஸி. முடித்து, பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ரேடார் பிரிவில் இருந்தாள். மேகத்தை நோக்கி அலையை அனுப்பி, அது மோதித் திரும்புவதைக் கொண்டு மழை எங்கே, எவ்வளவு என்று கண்டுபிடிக்கிற வேலை.

"ஒரு தரம் அனுப்பினா தெரிஞ்சிருமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஒரு தரம் திரும்பி வாரத நாங்க நம்பவே மாட்டோம்ப்பா. ஒரு நொடிக்குள்ள நூத்துக்கணக்குல அனுப்பிக்கிட்டே இருப்போம். திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் எது நெசம்னு தெரியும்."

சிங்கராயருக்கு அந்த இயந்திரத்தின் மேல் மரியாதை வந்தது. "நம்ம பக்கத்து ஆளுதான் செஞ்சிருப்பான்" என்றார். மகள் சிரித்துவிட்டாள்.

அறுபத்து நான்காம் வருஷ மழைக்காலத்தில் அந்த அழைப்பு வந்தது. ஐந்து நாட்டு ஆராய்ச்சிக் கூடங்கள் ஒன்றாகச் சேர்ந்து, படிப்பு முடித்துப் புதிதாக ரேடாரில் இறங்கியவர்களைத் தேடி எடுத்தன. ஒரு நாட்டில் ஆண்டெனா கட்டப் பழக்குவார்கள். இன்னொரு நாட்டில் கடற்கரையில் உட்காரவைத்து மழையைப் பார்க்கச் சொல்வார்கள். முடிவில் டாக்டர் பட்டத்தோடு ஊருக்கு அனுப்புவார்கள். ஆள் எடுக்க ஹாலந்திலிருந்து வந்த பேராசிரியர் பெர்ஹோப், பம்பாயில் பார்த்தவர்களில் இருதயமேரியைத்தான் வேண்டும் என்றார்.

"பொம்பளப் பிள்ள, கடல் தாண்டிப் போற காரியம். அதனால அவரே வீட்டுக்கு வந்து உங்ககிட்ட கேக்கணும்ங்காருப்பா" என்றாள் அவள்.

சிங்கராயர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவள் வேலைக்குப் போன பிறகு, "குளிருக்கு நல்ல கம்பளிக் கோட்டு எங்க கிடைக்கும்னு அண்ணன்ட்ட விசாரிக்கணும்" என்று சேசம்மாளிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேராசிரியர் வந்தார். அச்சுமுறுக்கு தின்றார். காபி குடித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "உங்கள் மகளை மூன்று வருஷம் எங்களிடம் அனுப்புவீர்களா?"

சமையலறைத் திரைக்குப் பின்னால் இருதயமேரி நின்றுகொண்டிருந்தாள். சிங்கராயர் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, மில் அலுவலக ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "தற்சமயம் அது சாத்தியப்படாது. ஒரே மகள். எங்கள் குடும்பத்தில் பெண்களை அப்படி அனுப்பும் வழக்கம் இல்லை."

பேராசிரியர் காபிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "வருத்தமாக இருக்கிறது. உங்கள் முடிவை மதிக்கிறேன்" என்று எழுந்தார். வாசலில் கை குலுக்கியபோது, "புதன்கிழமை வரை பம்பாயில்தான் இருப்பேன்" என்றார்.

கார் போய், மகள் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் சேசம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, எதுக்கு இப்படிச் சொன்னீங்க? பிள்ள முகம் செத்துப் போச்சு."

"புதன் வரைக்கும் இருப்பேன்னுட்டுப் போறாருல்லா? எதுக்குச் சொல்லுதாரு? மறுதரம் வருவாரு."

"வெள்ளக்காரரு வருவாராக்கும்."

"பெரிய மனுசன். அதுலயும் ரேடார்க்காரன். ஒரு தரம் கேட்டுட்டு விட்டுருவானா?"

"பிள்ளகிட்டயாவது சொல்லி வையுங்க."

"சொன்னா அது போயி அவருட்ட ஆமான்னு உளறிரும். பிறகு என்ன மரியாத இருக்கு?"

மறுநாள் இருதயமேரி வழக்கம்போல வேலைக்குப் போனாள். அப்பா வேண்டாம் என்றால் வேண்டாம். அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்.

திங்களும் செவ்வாயும் சிங்கராயர் மில்லிலிருந்து வந்து கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை மழை கொட்டியது. குடையோடு தெருமுனை வரை போய், கார் எதுவும் தண்ணீரில் மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். முறுக்கு டப்பாவைச் சேசம்மாள் திறக்கவே இல்லை.

வியாழக்கிழமை மாட்டுங்காவுக்குப் போனார். மகளுடைய பிரிவுத் தலைவர் வேங்கடசுப்ரமணியன் வீடு அங்கேதான். அந்த வாரம் முழுக்க டெல்லியில் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார்.

"பேராசிரியர் மறுபடி வரலையே சார்" என்றார் சிங்கராயர்.

"எதுக்கு வரணும்? அவர் நேத்திக்கே பிளேன் ஏறியாச்சே. நீங்கதான் முடியாதுன்னுட்டேளாமே."

"முத தரம்தான சார் கேட்டாரு."

வேங்கடசுப்ரமணியன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்காத்துலயும் இதே கதைதான். ரெண்டாந்தரம் சொல்லாம காபியத் தொட மாட்டோம். ஆனா அவா தேசத்துல முடியாதுன்னு ஒருத்தர் சொன்னப்புறம் திருப்பிக் கேக்கறதுதான் அவமரியாதை. மனசு மாறினா சொல்லி அனுப்புங்கோன்னுதான் புதன்கிழமைய சொல்லியிருப்பார். நான் இங்க இருந்திருந்தா அவர் காதுல போட்டிருப்பேன்."

"இப்ப நான் கேக்கேன் சார்."

இப்படிச் சொல்லி அவர் யார் முன்னாலும் நின்றதில்லை.

"லிஸ்டுல அடுத்தாப்ல இருந்த எகிப்துப் பையனுக்குக் குடுத்தாச்சு. இனிமே மூணு வருஷம் கழிச்சுத்தான் எடுப்பா. அப்ப மேரி புதுசா வந்தவ இல்லையே. எடுத்துக்க மாட்டா."

"மறுதரம் கேக்கேன் சார். தந்தி அடிச்சுப் பாக்கலாமா?"

வேங்கடசுப்ரமணியன் அவரை நேராகப் பார்க்காமல் தலையை அசைத்தார். "இல்லை சிங்கராயர். நெஜமாவே இல்லை."

செம்பூர் திரும்பும் வழியெல்லாம் மகளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தார். வீட்டில் சேசம்மாளுக்குத் தலைவலி, உள்ளே படுத்திருந்தாள். இருதயமேரிதான் சோறு போட்டாள்.

"ஏட்டி மேரி. அந்தப் பேராசிரியர் கேட்டாருல்லா..."

"அத விடுங்கப்பா. நீங்க ஒண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பேச வந்திருக்கும்.

தட்டு காலியாயிற்று. அவள் சட்டியோடு வந்தாள்.

"சோறு வைக்கட்டாப்பா?"

அவர் மனம் வேறெங்கோ இருந்தது. கை தானாகப் போய்த் தட்டின் மேல் விரிந்தது. "போதும்" என்றது வாய்.

அவள் சரி என்று தலையசைத்து, சட்டியை உள்ளே கொண்டுபோய் மூடிவைத்தாள்.

சிங்கராயர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.