மரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்றியவர்

நாகையா வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பு அன்று காலையிலிருந்தே தும்மிக்கொண்டிருந்தது. பம்பை அடித்தால் இரண்டு நிமிடம் மஞ்சளாக எரியும். பிறகு படபடவென்று பொரிந்து, கரியைக் கக்கிவிட்டு அடங்கிவிடும். மேலே பானையில் மரவள்ளிக் கிழங்கு வெதுவெதுப்பான நீரில் சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தது.

"கிள்ளான்காரங்க நாலு மணி வண்டியில வந்து இறங்கிருவாங்க. இப்பவே மணி ரெண்டு. கிழங்கு கல்லு மாதிரி கிடக்கு. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் பச்சைத் தண்ணியா குடுக்கிறது?" என்று இராஜம்மா கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

அது ஜப்பான்காரன் ஆண்ட இரண்டாம் வருஷம். கடிகாரம்கூட டோக்கியோ நேரத்துக்கு ஓடியது. கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பெற்றவர்கள் பயந்த காலம். நாகையா தம்பதிக்கு ஒரே மகள் சீதாலெட்சுமி. இந்த வரனும் நழுவினால் அடுத்தது எப்போதோ, யாருக்குத் தெரியும்? அரிசி கிடைப்பதே அரிதாகிவிட்டதால் விருந்தும் கிழங்குதான். வெந்த கிழங்கில் தேங்காய்ப்பூவும் குலா மலாக்கா வெல்லமும் பிசைந்து வைத்தால் அதுவே பெரிய மரியாதை. முந்தின நாள் பெய்த மழையில் விறகெல்லாம் நனைந்து போனதால் இந்த அடுப்பை விட்டால் வேறு வழியில்லை.

நாகையா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. கணக்கு எழுதத் தெரிந்த கைக்கு அடுப்பைக் கழற்றத் தெரியவில்லை. இரண்டு வீடு தள்ளி இருந்த பக்கிரிசாமியைக் கூப்பிட்டார். அவன் ரயில் பட்டறையில் ஃபிட்டர்.

"இதெல்லாம் ஒரு வேலையாண்ணே? எஞ்சினையே மூச்சு விட வைக்கிறவன் நான்," என்று சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான் பக்கிரிசாமி. "கோளாறு மூணு இடத்துலதான் இருக்கும். காத்து, ஊசித்துளை, எண்ணெய்."

முதலில் பம்பைக் கழற்றினான். உள்ளே தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருந்தது. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து மாட்டினான். காற்று நன்றாக ஏறியது, சூடு ஏறவில்லை. பிறகு மெல்லிய கம்பியால் ஊசித்துளையைக் குத்திவிட்டான். அடுப்பு 'உஸ்' என்று சீறியது. இராஜம்மா கும்பிடக் கை எடுத்தாள். அடுப்பு அணைந்துவிட்டது.

"அப்ப எண்ணெய்தான்ணே."

"எண்ணெய்ல என்னப்பா இருக்கு? எல்லாருக்கும் குடுக்கிற ரேஷன் கார்டு எண்ணெய்தான்!" நாகையாவின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது.

அது பொய். வெள்ளைக்காரன் ஊரை விட்டு ஓடிய வாரத்தில் மனிதர் மூன்று டின் மண்ணெண்ணெயைச் சத்தமில்லாமல் வாங்கி, கொல்லையில் புதைத்து, மேலே மரவள்ளியை நட்டுவைத்திருந்தார். அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் தேங்காய் எண்ணெய் விளக்கு அழுதுகொண்டிருந்தபோது அவர் வீட்டு அடுப்பு மட்டும் நீலமாக எரிந்தது. மூன்றாவது டின்னை நேற்றுத்தான் குழிக்குள்ளேயே வைத்துத் திறந்து எண்ணெய் எடுத்திருந்தார். இராஜம்மா கண்ணால் கெஞ்சினாள், சொல்லிவிடுங்கள் என்று. அவர் கூரையைப் பார்த்தார். சாப்பிட்டதை மறைத்துவிட்டு வயிற்றுவலிக்கு மருந்து கேட்கும் நோயாளியை வைத்தியர் என்ன செய்வார்?

பக்கிரிசாமி பாவம், அண்ணன் சொன்னதை நம்பி அடுப்பை மொத்தமாகப் பிரித்துப் பரப்பினான். கரி சுரண்டினான், திருகாணிகளைத் துடைத்தான், மறுபடி பூட்டினான். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அடுப்பு மறுபடியும் தும்மியது. அறைக்குள் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்த சீதாலெட்சுமி விசும்புவது கேட்டது.

அப்போது அடுத்த வீட்டு மரியம், இடுப்பில் கைக்குழந்தையும் கையில் ஒரு போத்தலுமாக வந்தாள். அவள் புருஷன் அப்துல் ஜலீல் துணி வியாபாரி. விற்கத் துணி இல்லாமல் கடையைப் பூட்டி எட்டு மாசம் ஆகியிருந்தது.

"அக்கா, இதுல முக்கால் போத்தல் இருக்கு. ஊத்திப் பாருங்க."

"ஏம்மா, புள்ளைக்கு இருமல்னு சுடுதண்ணி வைக்க இதைத்தானே எடுத்து வெச்சிருக்கே?" என்றாள் இராஜம்மா.

"இருமல் நாளைக்கும் இருக்கும்லா. மாப்பிள்ளை இன்னிக்குத்தானே வர்றாரு?"

புது எண்ணெய் ஊற்றப் பழையதை எடுக்க வேண்டுமல்லவா? பக்கிரிசாமி அடுப்பிலிருந்ததை ஒரு கண்ணாடிக் கிளாசில் கவிழ்த்தான். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே நின்றது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் செம்மண். செம்மண்ணில் மெல்லியதாக ஒரு வேர்.

"கார்டு எண்ணெயில வேர் எப்படிண்ணே முளைக்கும்?" என்றவன் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கொல்லையைப் பார்த்தான். "நானும் ஒரு வருஷமா யோசிக்கிறேன். குச்சியை ஒடிச்சு வீசினாலே வளர்ற மரவள்ளிக்கு இந்த மனுசன் மட்டும் ஏன் தினம் ரெண்டு வாளி ஊத்துறாருன்னு!"

மரியம் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். பக்கிரிசாமி சிரித்தான். அறைக்குள் விசும்பிக்கொண்டிருந்தவளும் சிரித்தாள். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று தோட்டக்காரர் வேஷம் போட்டுத் தன் கையாலேயே டின்னைத் துருப்பிடிக்க வைத்திருந்த நாகையா மட்டும் வியர்த்து நின்றார்.

"வெளிய சொல்லிறாதீங்க..." என்றார் ஈனக்குரலில்.

"நாங்க யார்கிட்டண்ணே சொல்லப் போறோம்? எங்க அடுப்பையே எங்களால பத்தவைக்க முடியல," என்று சொல்லிக்கொண்டே மரியம் போத்தலைக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள்.

அடுப்பு நீலமாகச் சீறி எரிந்தது. அந்தச் சத்தத்தைவிட, காலிப் போத்தலை நிமிர்த்தும்போது குழந்தை இருமிய சத்தம்தான் நாகையாவின் காதில் விழுந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

கிள்ளான்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் சபாபதி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "கிழங்கு பஞ்சா வெந்திருக்கே! நல்ல அடுப்பு போலிருக்கு?"

நாகையா தொண்டையைக் கனைத்தார். "அடுப்புதாங்க என்னுது. எரிஞ்சது மரியம் வீட்டு எண்ணெய்."

பெண்ணைப் பிடித்துவிட்டது. தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்து அவர்கள் ரயிலேறியதும் நாகையா மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனார். டின்னைத் தோண்டி எடுத்து, தெளியவைத்து, மேலாக நின்ற எண்ணெயைப் பக்கிரிசாமி உதவியோடு துணியில் வடிகட்டினார். முதல் இரண்டு போத்தல் மரியம் வீட்டுக்குப் போனது. பிறகு வரிசையில் வீட்டுக்கு ஒன்று.

"போதும்ணே, உங்களுக்கும் கொஞ்சம் வெச்சுக்குங்க," என்றாள் மரியம்.

"வெச்சுக்கிட்டதோட லட்சணத்தைத்தான் கிளாசுல பாத்தோமேம்மா. ஊருக்கே இல்லாத நேரத்துல நான் ஒளிச்சு வெச்சேன், அது மண்ணுக்குள்ளேயே தண்ணியாப் போச்சு. நீ இருக்கிறதைக் குடுத்தே, எம் பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாச்சு. தட்டுப்பாட்டுல பதுக்குறவன் அடுத்தவன் அடுப்பு மட்டும்தான் அணையும்னு நினைக்கிறான். அணையிறது அவன் வீட்டு அடுப்பும்தான்."

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் வாளியைத் தூக்கிய நாகையாவை இராஜம்மா வாசலிலேயே மறித்தாள்.

"அதைக் கீழே வைங்க. மரவள்ளி தானா வளரும்."