பூட்டாத கிளிப்

கம்ப்யூட்டருக்குள் மின்விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அவள் பட்டனை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

அப்பா காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நான்கு மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டு வண்டி வரும். அதற்குள் அவருடைய ஆபீஸ் நண்பர்களுக்குச் சொல்லியாக வேண்டும். செல்போன் அவருக்கு ஆகவே ஆகாது. எண்களையெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் தட்டி வைத்திருந்தார்.

"மூணு வாரமா இப்படியேதான் கிடக்கு," என்றாள் அம்மா, கதவோரம் நின்று. "கடையில குடுங்கன்னா, நம்ம பொண்ணே போர்டு டாக்டர், வெளியில ஏன் குடுக்கணும்னாரு."

போர்டு டாக்டர் டார்ச்சைத் தேடி எடுத்தாள். சர்வீஸ் சென்டரில் ஒரு நாளைக்குப் பதினைந்து மதர்போர்டு பார்க்கிறவள், அப்பாவுக்குப் போனிலேயே வைத்தியம் சொல்லியிருந்தாள். "ராம்னு அந்த மெமரி அட்டையைக் கழட்டி, ரப்பரால தேய்ச்சு, மறுபடி மாட்டுங்கப்பா. அப்பவும் வரலைன்னா போர்டு போயிருக்கும். ஞாயித்துக்கிழமை வர்றேன்." மூன்று ஞாயிறும் அவளுக்கு என்னென்னவோ வேலை.

டார்ச் அடித்துப் பார்த்தாள். போர்டு முழுக்கத் தூசி. ராம் மட்டும் பளிச்சென்று இருந்தது. ரப்பர் துகள்கூடக் கிடந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். ஆனால் ராம் முழுதாக இறங்கவில்லை. ஒரு பக்கக் கிளிப் பூட்டாமல் சாய்ந்து நின்றது.

"நல்லா அழுத்துங்கன்னு நான்கூட சொன்னேன்டி. உடைஞ்சா அவ திட்டுவான்னு விட்டுட்டாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. கல்லூரி முதல் வருஷம். இதே அறையில், இதே தரையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக இந்தப் பெட்டியைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினார்கள். அப்பா ராமை வைத்து அழுத்தப்போக, "ஐயோ, மெதுவாப்பா! உடைச்சுத் தொலைச்சிடாதீங்க!" என்று கத்திவிட்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டு, "சரிங்க மேடம்," என்றார். அன்று முழுக்க மேடம்தான். சாப்பிடக் கூப்பிட்டதும் மேடம் என்றுதான். எவ்வளவு நல்ல நாள் அது!

கட்டைவிரலால் அழுத்தினாள். டக். பிளக்கைச் செருகிப் பட்டனைத் தட்டினாள். ஒரு பீப் சத்தம், திரை வெளிச்சமானது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு ஞாயிறு வந்திருக்கலாமேடி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அம்மா உள்ளே போய்விட்டாள்.

எண்கள் பட்டியலில் முதல் பெயரே டைப்பிஸ்ட் என்றிருந்தது. அப்பாவோடு முப்பது வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவர். வீட்டுத் தொலைபேசியில் எண்ணை அழுத்தினாள்.

"அங்கிள், நான் அவர் பொண்ணு பேசுறேன்."

"யாரு, கம்ப்யூட்டர் பொண்ணா?" அவர் குரல் துள்ளியது. "வந்துட்டியாம்மா? பெட்டி ஓடுதா?"

"ஓடுது அங்கிள். இப்பதான்."

"நான் ஆள் அனுப்புறேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மனுஷன் கேட்டாத்தானே! எம் பொண்ணு வருவா, எம் பொண்ணு வருவான்னு ஒரே பிடிவாதம். சரி, போனை அவர்கிட்ட குடு. ரெண்டு வார்த்தை கிண்டல் பண்ணிக்கறேன்."

அவள் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள். அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார்.