முட்டு வைத்தவன்

ஜிம்சன் வைத்த முட்டு நகராது. இதை நான் சொல்லவில்லை. மலைட்டாத் தீவின் அந்தக் கரையோரத்து ஊரே எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய ஒரு நாளில் மட்டும் அத்தனை வாயிலும் வெற்றிலை பாக்கு அடைத்துக்கொண்டது.

மரம் தூக்கும் இயந்திரமெல்லாம் அங்கே கிடையாது. லாரியைப் பள்ளத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் இரண்டு கம்பங்களைச் சாய்ப்பார்கள். இரண்டு வடங்களை லாரியில் கட்டி, மரத்துக்கு அடியில் விட்டு, மேலே சுற்றி எடுத்து, எதிர்மேட்டில் நிற்கும் ஐந்து பேரிடம் கொடுப்பார்கள். அவர்கள் இழுக்க மரம் உருண்டு ஏறும். ஒரு சாண் ஏறியதும் ஜிம்சன் 'நில்' என்பான். இரண்டு கம்பங்களிலும் மரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை செருகுவான். மரத்தின் ஓரத்தில் ஃபியு கொக்கித் தடியோடு நின்று, கோணினால் நெம்பி நேராக்குவான். முட்டு வழுக்கினால் முதலில் போவது அவன் கால்தான். ஃபியு அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டான். ஜிம்சன் வைத்த முட்டு அல்லவா!

அன்றைக்குப் பாதி ஏற்றத்தில் மரம் கோணிவிட்டது. மெலிந்த வால் முனை முந்திக்கொண்டது, அடிமரம் பின்தங்கிவிட்டது. இரண்டு முட்டுகளையும் இறுக்கிவிட்டு, அடிமரத்துக்குப் பெரிய கட்டையாக ஒன்று எடுத்துவரப் பத்தடி தள்ளிப் போனான் ஜிம்சன். லாரிக்காரன் ஹட்லிக்குப் பொறுக்கவில்லை. கப்பல் துறைக்கு வந்துவிட்டதாம். பின்தங்கிய முனையை நெம்பி ஏற்ற வேண்டும், அதுதான் முறை. முந்திய முனையின் முட்டுக்கட்டையைத் தட்டிவிட்டால் மரம் தானாக நேராகிவிடும் என்று அந்த மேதாவி நினைத்தான். ஜிம்சன் திரும்புவதற்கும் ஹட்லியின் பூட்ஸ் கால் அந்தக் கட்டையை உதைப்பதற்கும் சரியாக இருந்தது. மரம் சுழன்று, மறுமுனை முட்டுக்கட்டையையும் தாண்டி இறங்கியது. ஃபியுவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போனது. யார் உதைத்தது என்று பார்ப்பதற்குள் அவன் நினைவு தப்பிவிட்டான்.

மறுவாரம் தேவாலயத்துக்கு எதிரே பஞ்சாயத்து கூடியது. ஹட்லி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முட்டு வைத்தால்தானே இருக்கும், ஜிம்சன் மறந்துவிட்டான் என்றான். ஜிம்சன் நடந்ததைச் சொன்னான். மேட்டில் நின்ற ஐந்து பேரை ஊர்த் தலைவர் ஒவ்வொருவராகக் கேட்டார். மூத்தவர் அலிக் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"நாங்க வடத்தப் பாத்துக்கிட்டு இருந்தோம். முட்ட கவனிக்கல."

மற்ற நாலு பேரும் அதையே ஒப்பித்தார்கள். உண்மையிலேயே பார்க்கவில்லையோ என்று அவர்களுக்காக ஜிம்சனே சமாதானம் சொல்லிக்கொண்டான், பைத்தியக்காரன்.

தவறு ஜிம்சனுடையது என்ற தீர்ப்புப்படி அவன் மனைவி வளர்த்த பன்றியும் அங்கே பணமாகச் செல்லும் ஒரு சிப்பி மாலையும் ஃபியுவின் அப்பாவிடம் போயின. இரண்டு பக்கமும் கை குலுக்கியாயிற்று. இனி இந்தப் பேச்சைப் புதைத்தாயிற்று, தோண்டுகிறவன் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்றார் தலைவர். அந்த ஊரில் அதற்கு மேல் கோர்ட்டும் இல்லை, கடவுளும் இல்லை. ஜிம்சனுக்கு ஒரே கவலைதான். ஃபியு என்ன நினைப்பான்?

திங்கட்கிழமை மறுபடி ஒரு மரம். ஜிம்சனை வடத்துக்கு அனுப்பிவிட்டு, முட்டுகளைத் தானே வைக்கப்போவதாக ஹட்லி கட்டையைக் கையில் எடுத்தான். ஃபியுவின் கொக்கித் தடிக்கு ஓர் ஆள் வேண்டும். ஹட்லி ஒருவனைக் கூப்பிட்டான், அவனுக்குக் கை சுளுக்கு. இன்னொருவனுக்கு இடுப்பு வலி. மூன்றாமவன் புகையிலை சுருட்ட உட்கார்ந்துவிட்டான். கடைசியில் அலிக் தொண்டையைக் கனைத்தார்.

"ஜிம்சன் முட்டு வச்சா நான் தடி பிடிக்கிறேன்."

"ஆமா, அவனே வைக்கட்டும்" என்றார்கள் மற்றவர்கள்.

அடப்பாவிகளா! அப்படியென்றால் ஐந்து பேருமே பார்த்திருக்கிறார்கள். தங்கள் கால் என்றதும் யார் முட்டு நிற்கும் என்று தெரிகிறது. ஹட்லி பொய் சொன்னபோதுகூட ஜிம்சனுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவன் அலிக்கைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஃபியு கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. காதோட காதா."

"புதைச்சதத் தோண்டச் சொல்றியாப்பா? என் பொஞ்சாதி மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போறது இந்த லாரியிலதான். உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் ஆத்திரப்படக்கூட முடியவில்லை. ஜிம்சன் முட்டு வைக்கவும் இல்லை, வடம் பிடிக்கவும் இல்லை. ஹட்லி பின்னாலிருந்து கத்தக் கத்த நடந்தே ஃபியுவின் வீட்டுக்குப் போனான்.

கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் நீட்டி ஃபியு படுத்திருந்தான். ஜிம்சனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உட்காரச் சொல்லி, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பாதியைப் பிட்டுக் கொடுத்தான். ஜிம்சன் வாயைத் திறந்தான். வாசலில் ஃபியுவின் அப்பா உட்கார்ந்திருந்தார். சொன்னால் அபராதம் இரட்டிப்பு, சாட்சி கேட்டால் ஒருத்தன் வரமாட்டான். தப்பிக்கப் பார்க்கிறான் என்றுதான் ஆகும்.

ஃபியு அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? எட்டு வருஷத்துல ஒரு நாள் மறந்துட்ட, அவ்வளவுதான. மனுசன்தானடா நீ. எனக்கு உன் மேல கோவமே இல்ல மாப்ள. மன்னிச்சுட்டேன்."

ஜிம்சன் தலையை ஆட்டினான். கிழங்கை மென்று விழுங்கினான்.