முதுகு முன்னால் வருகிறது

1

இந்தக் கதை எனக்கு ஒரு முதுகாகத்தான் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? தண்ணீர்மலைப் பூங்காவில், மழைமரங்களுக்கடியில் பனி இன்னும் விலகாத ஒரு காலையில், வெள்ளைப் பனியன் போட்ட முதுகு ஒன்று என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. முதுகுகள் நம்மை விட்டுப் போகும். வருவதில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்து நின்றேன். அது வந்து என் தோளில் இடித்து, திரும்பி, ஒரு மனித முகமாகி, "மன்னிச்சிருங்கம்மா, பின்னாடி கண்ணு இல்ல" என்றது.

"அப்ப முன்னாடி பார்த்து நடக்கலாமே?" என்றேன். என் வாய் அப்படி.

"முன்னாடி நடக்கத்தான் எல்லாருக்கும் தெரியுமே" என்றார் அவர். மறுபடியும் பின்பக்கமாகவே நடந்து பனிக்குள் போய்விட்டார். போகும்போது அவர் முகம் என்னைப் பார்த்துக்கொண்டே சிறிதாகியது. நான் உண்மையில் கண்டது இவ்வளவுதான். மீதி எல்லாம் நானாகக் கட்டியது.

2

பெயர் சந்திரசேகரன் என்று வைத்துக்கொள்வோம். எழுபதைத் தாண்டியவர். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். இனி முதல் வரி:

சந்திரசேகரன் நாற்காலியில் அமர்ந்தவாறு, கடந்து போன காலத்தை — 

சீ, வேண்டாம்.

வாழ்வின் அந்திப்பொழுதில் அவர், தனிமை என்னும் — 

இதற்கு முன்னது தேவலாம். வயதானவர் என்றதுமே என் பேனா ஏன் நாற்காலியைத் தேடி ஓடுகிறது?

[என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பல் மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். ஊரையே வாயைத் திறக்க வைத்த எனக்கு இந்த மனிதரை மட்டும் பேசவைக்க முடியவில்லை. கெலுகோர் அடுக்குமாடி வீட்டில், இடுப்புக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து இதை எழுதுகிறேன்.]

எழுதியதைப் பக்கத்து வீட்டுச் சலேஹாவிடம் காட்டினேன். கணவரோடு சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள். மாவு ஒட்டிய விரலாலேயே தாளைப் புரட்டினாள்.

"என்னக்கா, இந்த ஆளு உக்காந்தே இருக்காரு. கால் மரத்துப் போயிரும் லா. எழுப்பி விடுங்க."

"அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு, சலேஹா."

"வந்துச்சு, போச்சு. இப்ப நடக்கிறாருல்ல? ஏன் பின்னாடியே நடக்கிறாரு? அதச் சொல்லுங்க."

"தெரியல."

"அலாமாக்! எழுதுற உங்களுக்கே தெரியலையா?"

3

தெரிந்துகொள்ள நானே நடந்து பார்த்தேன். வரவேற்பறையில், சன்னலைப் பார்த்தபடி, பின்னோக்கி. முதலில் பயம். பிறகு குதிகாலுக்குப் புத்தி வந்துவிடுகிறது. அதுவே தரையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது. சன்னல் வெளிச்சம் மெல்ல என்னை விட்டு விலகியது. நான் உட்கார்ந்தால் அவரும் உட்கார்ந்துவிடுகிறார், நான் நடந்தால் அவரும் நடக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.*

சோபாவில் இடித்துக்கொண்ட அந்த நொடியில் நினைவுக்கு வந்தது, தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம். காவடி எடுப்பவரை ஊரே பார்க்கும். அவருக்கு முன்னால், அவர் முகத்தையே பார்த்தபடி பின்னோக்கி நடந்து மலையேறுகிற ஒருவரை யார் பார்க்கிறார்கள்? "வேல், வேல்" என்று குரல் கொடுப்பார், பாடுவார், கெஞ்சுவார், அதட்டுவார். காவடிக்காரருக்குக் கண் சொருகும்போது பிடித்துக்கொள்ள எதிரே இருப்பது அந்த ஒரு முகம்தான். சந்திரசேகரன் இளவயதிலிருந்து அந்த முகமாக இருந்தவர். தனக்கென்று ஒரு தடவைகூடக் காவடி எடுத்ததில்லை.

* பின்னால் நடப்பது முட்டிக்கு நல்லது என்று பூங்காவில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் பல் பார்த்தவள்.

4

இனிக் கதை ஓடும், பாருங்கள்.

பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து வந்ததும், மகள் குமுதா ஆசையாக வாங்கிப்போட்ட சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். நாளாக ஆகக் கால் தேறியது. மனிதர் தேறவில்லை. பேச்சு நின்றது. தூக்கம் போயிற்று. யாராவது டிவியை அணைத்தால், அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பசியாறலாம், வாங்க" என்று மனைவி ஜெகதீஸ்வரி கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறாள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. இவர் எழுந்து நடந்துவிட்டால் பால்குடம் எடுக்கிறேன், முருகா என்று வேண்டிக்கொண்டாள். அதை அவரிடமே சொல்லியும் விட்டாள்.

"பால்குடமா? நீயா?" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாயிலிருந்து வந்த பேச்சு. "உன் முன்னாடி யாரு நடக்கிறது?"

"யாராச்சும் நடப்பாங்க."

"யாராச்சுமா?"

அன்று சாயங்காலமே எழுந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு பூங்காவில். பின்னோக்கியே. (இங்கே எனக்குக் குழம்புகிறது. நடந்தால்தானே பால்குடம்? இவர் பால்குடத்துக்காகவே நடக்கிறாரே! முருகனே தீர்த்துக்கொள்ளட்டும்.) பசி திரும்பியது, தூக்கம் திரும்பியது. பாசாரில் மீன்காரனோடு சண்டை போடும் பழைய பழக்கமும் திரும்பியது. "நல்லா ஆயிட்டாரு, சண்டை போடுறாரு" என்று ஜெகதீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். 

5

கதைக்கு ஒரு வில்லி வேண்டுமே என்று குமுதாவைப் பிடித்தேன்.

குமுதா ஈரமில்லாத நெஞ்சோடு தன் தந்தையை — 

அடித்துவிட்டேன். பக்கவாதம் வந்த அன்று குளியலறைத் தரையிலிருந்து அப்பாவைத் தூக்கியவள் அவள்தான். அந்தக் கனம் இன்னும் அவள் கையில் இருக்கிறது. அவளை வில்லியாக்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்பா, படியில நீங்க விழுந்தா அம்மாவும் குடத்தோட சேர்ந்து விழுவாங்க. கீழ தண்ணீர்ப் பந்தல்ல உக்காருங்க. வர்றவங்களுக்கு மோர் ஊத்திக் குடுங்க. அதுவும் சேவைதானே?"

"உக்காரச் சொல்லாத, குமுதா. போன தடவ உக்காந்தேன். நான் எங்க போனேன்னு எனக்கே தெரியல. அங்கேருந்து திரும்பி வர்றதுக்கு எவ்ளோ பாடுபட்டேன்னு உனக்குத் தெரியாதும்மா. இன்னொரு தடவ போனா வரமாட்டேன்."

குமுதா அழுதாள். எழுதுகிறவள் அழக்கூடாது என்பார்கள். நானும் அழுதேன்.

"நான் அம்மா கையப் பிடிச்சிட்டு வருவேன்" என்றாள் கடைசியில். "உங்க பின்னாடி யாரு இருப்பா?"

"சனம் இருக்கும்" என்றார். "எப்பவும் இருந்திருக்கு."

"கால் தடுமாறி யாராச்சும் உங்களப் பிடிக்கிற மாதிரி ஆச்சுன்னா, அப்பவே நிறுத்திருவேன். கீழ கூட்டிட்டுப் போயிருவேன். சரியா?"

அவர் சரி என்றார். ஜெகதீஸ்வரி இருவருக்கும் தேத்தண்ணி கலக்கப் போனாள்.

6

முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

உச்சியில் மணி அடிக்கிறது, பால் வழிகிறது, மூவரும் கட்டிக்கொள்கிறார்கள். "காலண்டர் படம் மாதிரி இருக்குக்கா" என்றாள் சலேஹா.

விழுகிறார். அதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

பந்தலில் உட்கார்ந்து மோர் ஊற்றுகிறார், மனைவி தூரத்தில் ஏறிப்போவதைப் பார்த்துப் புன்னகைக்கிறார். அந்தப் புன்னகையை நான் நம்பவில்லை. 

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க?" என்றாள் சலேஹா.

"படிவரைக்கும் கூட்டிட்டுப் போறேன். அப்புறம் பார்ப்போம்."

7

பூச நாள். இன்னும் வெயில் வரவில்லை. மஞ்சள் சேலைகளும் மஞ்சள் வேட்டிகளும் ஒரே ஒழுக்காக மலையேறுகின்றன. பாதங்களுக்கு ஊற்றிய தண்ணீர் படிகளில் மெல்ல வழிகிறது. உறுமி எங்கோ கேட்கிறது. மேலேயா கீழேயா தெரியவில்லை. ஜெகதீஸ்வரியின் தலையில் குடம். அவள் முழங்கையில் குமுதாவின் கை. எதிரே, ஒரு படி மேலே, மலைக்கு முதுகைக் காட்டியபடி அவர்.

"வா, ஜெகா. என்னையே பாரு. கீழ பாக்காத."

அவள் அவரையே பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு நேரம் ஒரேயடியாக அவர் முகத்தைப் பார்த்தது இன்றைக்குத்தான். கொஞ்ச தூரம் போனதும், குடத்துக்குக் கீழிருந்து அவளும் முணுமுணுக்கத் தொடங்கினாள்: "படி… இன்னொரு படி… இப்ப சமதரை… மறுபடி படி, ஏங்க." கூட்டம் கரைந்து போயிற்று, சத்தம் கரைந்து போயிற்று. இரண்டு முகங்கள் மட்டும் மலையேறிக்கொண்டிருந்தன.

பாதி மலையில், ஈரப்படியின் விளிம்பில் அவருடைய இடது குதிகால் தட்டியது. உடம்பு பின்னுக்குச் சாய்கிறது. கை காற்றைத் தேடுகிறது. விழவில்லை. நிற்கவுமில்லை. குமுதாவின் வாய் திறந்துவிட்டது. ஜெகதீஸ்வரி கண்ணை எடுக்கவில்லை.

என் பேனா இங்கே நின்றது. தலையணையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். நான் எட்டிப் பிடிக்க முடியாது. நான் கீழே இருக்கிறேன், எழுதுகிறவர்கள் எப்போதும் கீழேதான். இவ்வளவு நேரம் வரி வரியாக ஏறி வந்து, இப்போது அவருக்கு ஒரு படி மேலே நிற்பது நீங்கள்தான். அவர் சொன்ன சனம் நீங்கள்தான்.

பிடித்தால் விழமாட்டார். ஆனால் குமுதா பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே பந்தலில் ஒரு நாற்காலி காத்திருக்கிறது. ஒதுங்கி வழிவிட்டால், அந்தக் குதிகால் அடுத்த படியைத் தானே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்காமலும் போகலாம்.

நீங்களும் உட்கார்ந்துதான் படிக்கிறீர்கள், எனக்குத் தெரியும். எழுந்திருங்கள். முதுகு வருகிறது.