மூச்சுப் பெட்டியை விற்ற நாள்

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். எடை இருபத்தைந்து கிலோ, மஞ்சள் ஓடு, இரண்டு கருப்புக் குழாய். ரீப்ரீதர் என்று பெயர். கடலுக்கடியில் நாம் விடுகிற மூச்சையே சுத்தம் செய்து நமக்கே திருப்பிக் கொடுக்கிற இயந்திரம். குமிழி வராது, மீன் மிரளாது, சாதாரண சிலிண்டர் மாட்டியவர்களைவிட ரொம்ப நேரம் கீழே இருக்கலாம். நான் அதை மூச்சுப் பெட்டி என்றுதான் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் பதினாறு வருஷம் அந்தமானில் முக்குளிப்பவராக வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஏதோ கோளாறு, இனிமேல் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெட்டியும் அவருமாக விழுப்புரம் வந்து சேர்ந்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? வருஷத்துக்கு இருபது நாள் லீவில் பார்த்த மனுஷன் இனி தினமும் கண்ணெதிரே இருப்பார் என்று நினைத்தேன். வந்தவருக்கோ வாயில் கொழுக்கட்டை. காலையில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போட்டுவிட்டு வருவார், பெட்டியைத் துடைப்பார், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இந்த மனுஷனுக்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

விற்றுவிடுங்கள் என்று ஒரு வருஷம் நச்சரித்தேன். கடைசியில் மூன்று லட்சம் என்று விலை வைத்து போனில் விளம்பரம் போட்டார். ஒரு அமாவாசை அன்று காலை வாங்க வந்தது ஆம்பளை இல்லை, காயத்ரி என்கிற பெண். மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பம், இருபத்தாறு வயது இருக்கும். புதுச்சேரியில் டைவிங் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் வேலை.

"மீன் கணக்கெடுக்குற ஆராய்ச்சிக்காரங்க ஆள் தேடறாங்க சார். குமிழி வுடாம எறங்கறவங்கதான் வேணுமாம். எங்க குப்பத்துல பொம்பளைங்க போட்டுலயே ஏறமாட்டாங்க. நான் கடலுக்குள்ளயே போய்க்கினு இருக்கேன்" என்று சிரித்தாள்.

இவர் பெட்டியைப் பிரித்துக் காட்டி மறுபடி பூட்டினார். வாய்க்குழாயைக் கடித்து உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி மூடினார். குழாய்கள் சுருங்கி அப்படியே நின்றால் எங்கேயும் ஒழுகல் இல்லை என்று அர்த்தமாம். ஒரு நிமிஷம் பார்த்தால் போதுமாம். மூன்று நிமிஷம் ஆகியும் அவர் வாயிலிருந்து எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உடம்பு மட்டும்தான் இருந்தது.

"கீழ எப்படி சார் இருக்கும், குமிழி சத்தம் இல்லாம?" என்று அவள்தான் எழுப்பினாள்.

"மொதல்ல பயமா இருக்கும். அப்புறம் சத்தமெல்லாம் ஒண்ணொண்ணா வரும். கிளிமீன் பவளத்தக் கடிக்கிற சத்தம், நம்மூர்ல வறுத்த மல்லாட்டைத் தோல ஒடைச்சி கடலைய எடுக்குறா மாதிரி கேக்கும். நம்மள ஒரு கல்லுன்னு நெனச்சிக்கினு மீனு வந்து ஒரசிட்டுப் போவும்." பேசப் பேச அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்று கூட நான் அதைப் பார்த்ததில்லை.

பிறகுதான் சிக்கல். பயிற்சிக்குக் கட்டியாச்சா என்று கேட்டார். அதற்குத் தனியாக இரண்டு லட்சம், அப்புறம் சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன், இப்போதைக்குப் பெட்டியைக் கொடுங்கள் என்றாள். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதைதான். இங்கே அங்குசமும் ஏறக்குறைய யானை விலை.

"சிலிண்டர் முடிஞ்சா மூச்சு முட்டும், தெரிஞ்சிடும். இது தப்பாப் போனா தெரியவே தெரியாது, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்ளோதான். கத்துக்காதவங்க கையில குடுத்தா உன்னை நானே கொன்னா மாதிரி. எடுத்துக்கினு போக வுடமாட்டேன்" என்றார் இவர்.

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. எனக்கோ வேறு கவலை. இவள் போய்விட்டால் சக்களத்தி இங்கேயே தங்கிவிடுவாளே!

"இருக்குற மூணுல ரெண்டைப் பயிற்சிக்குக் கட்டிடும்மா. மீதி ஒண்ணுக்கு நாங்க பெட்டியக் குடுத்துடறோம்" என்று நான் சொல்லிவிட்டேன். தாலிக்கொடியில் நாலு கிராம் குறைந்தாலே சண்டை போடுகிற நான்! இவர் என்னையே பார்த்தார். என்னை ரொம்பப் பெரிய மனுஷி என்று நினைத்திருப்பார். அவள் அங்கேயே போனில் பயிற்சிப் பணத்தைக் கட்டி ரசீதைக் காட்டினாள், மீதி ஒரு லட்சத்தை இவருக்கு அனுப்பினாள்.

பெட்டி கனம் என்பதால் திண்டிவனம் வரை நாங்களும் கூடப் போனோம். அமாவாசை என்பதால் பஸ்ஸில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம், பெட்டியை இவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். மரக்காணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது காயத்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை மறக்கவே மாட்டேன்க்கா" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ் தீயணைப்பு நிலையம் தாண்டி மறைகிற வரை இவர் நின்றார். நான் நினைத்திருந்த நிம்மதி வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட் வாங்கியதும் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட அவ்ளோ சொன்னீங்களே, மல்லாட்டை, கிளிமீனுன்னு. எங்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

"நீ கேட்டதே இல்லியே" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பதினாறு வருஷம் போனில் என்ன கேட்டேன்? சாப்பிட்டீங்களா, பணம் போட்டீங்களா, எப்ப லீவு. கடலைப் பற்றிக் கேட்டால் அந்தச் சக்களத்தி ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று வீம்பு.

"சரி, இப்ப கேக்குறேன். கீழ இருக்கச்சொல்ல என்னிக்காவது என்னை நெனச்சிருக்கீங்களா?"

யோசித்தார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரை யோசித்தார்.

"இல்ல, வேணி. கீழ போயிட்டா யாரையும் நெனைக்க முடியாது. என்னையே மறந்துடும். அந்த மாதிரி இன்னும் ஒரு வாட்டி, ஒரே வாட்டி இருக்கணும்னுதான் மனசு கெடந்து அடிச்சிக்கிது."

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், பைசா செலவில்லை. பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். இவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். ஆனால் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தன் மனசிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்த முதல் வார்த்தை அதுதான். அதை விட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்டேன்.