பீப் சத்தம் வரும்வரை

சதாசிவத்தின் விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் நான்கு பட்டம். நடுவில் பெயர் பஸ்ஸில் மாட்டிக்கொண்ட ஆள்போல நசுங்கி நின்றது. ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள் கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் திருவிடந்தைக்குத் தெற்கே கடலைப் பார்த்த பங்களா கட்டி, அதன் கீழ்த்தளத்துக்குப் 'பழங்காலக் கணினிப் பாரம்பரிய மையம்' என்று பெயர் வைத்தார். வீட்டில் வைத்துக்கொள்ளும் ரகப் பழைய கம்ப்யூட்டர்கள் பதினொன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கொலு வைத்தமாதிரி இருந்தன. உயிரோடு இருந்தது ஒன்றுதான்.

அந்த ஒன்றுக்கும் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தவன் மாயவன். மாமல்லபுரத்தில் டிவி, மிக்ஸி, ரிமோட் பழுது பார்க்கும் கடை. வீடு பங்களாவுக்கு வடக்கே, கூப்பிடு தூரத்துக் குப்பத்தில், கடலைப் பார்த்த முதல் வரிசையில். அவன் அம்மா ஆதியம்மாள் வாசலிலேயே கருவாடு காயப்போடுவாள். காக்கை வராமல் மேலே வலை விரித்து, நாலு பக்கமும் முளையடித்துக் கட்டுவாள். வாசலில் '9' என்று செதுக்கிய ஒரு கல் எப்போதோ யாரோ நட்டுவிட்டுப் போனது. அரிவாள்மணை தீட்ட அதைவிட நல்ல கல் குப்பத்திலேயே இல்லை என்பாள்.

உயிரோடு இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ரகம். எண்பதுகளில் யாரோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. பக்கத்தில் ஒரு ஃபிளாப்பி டிரைவ். அதற்குள் ஓடும் ரப்பர் பெல்ட் இற்றுப்போய், செங்கல்பட்டில் ஒரு பழைய சாமான் கடையில் டேப் ரெக்கார்டர் பெல்ட் தேடி வாங்கி மாயவன் மாட்டியிருந்தான். அதில் ஓடவேண்டியது ஒரே ஒரு ப்ரோகிராம். எழுதியவர் ராஜம், சதாசிவத்தின் ஆபீசில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் நடந்து, கரையோரம் தெற்கிலிருந்து வடக்காகப் பதினாலு கல் நட்டு, அலை எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று வருஷக்கணக்கில் அளந்தவர். கடலுக்குள் தூண்டில் வளைவு போட்டால், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கைபோல நீட்டினால், எந்தக் கல்லில் மணல் ஏறிக் கரை அகலும், எந்தக் கல்லில் மணல் இறங்கிக் கடல் உள்ளே வரும் என்று அந்த ப்ரோகிராம் சொல்லும். சுவரில் மாட்டிய பலகையில் 'சதாசிவம், ராஜம் இருவரும் இணைந்து உருவாக்கியது' என்று எழுதியிருந்தது. ராஜம் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. மறுத்துச் சொல்ல ஆளில்லை. பலகையின் கீழே பொன்னெழுத்தில் இன்னொரு வரி: 'பொய் சொல்லத் தெரியாத இயந்திரம்.'

சதாசிவத்துக்குத் தூண்டில் வளைவு வேண்டும், தன் பங்களாவுக்கு நேர் எதிரே. அனுமதி கொடுக்கும் குழுவின் தலைவி வினிதா மையத்தைத் திறந்துவைக்க வருகிறார். திறப்பு விழாவில் இயந்திரமே எழுந்து நின்று 'வளைவு போடலாம்' என்று சொல்லிவிட்டால் வேறென்ன சாட்சி வேண்டும்?

ஒரே சிக்கல், ப்ரோகிராம் ஓடவில்லை. ஓடவிட்டால் நீலத் திரையில் 'மெமரி போதவில்லை' என்று ஒரு வரி வந்து நின்றுவிடும்.

"ஆயிரத்தி ஐந்நூறு பைட்டு பத்தாம கீது சார்," என்றான் மாயவன். "இன்னிக்கி ஃபோன்ல ஒரு குட்மார்னிங் படம் வருது பாரு, அதுல நகக்கண்ணு அளவுகூட இல்ல. ஆனா இதுக்கு அது இல்லாம முடியாது."

"அப்போ எதையாவது எடுத்துடு."

"எதை சார் எடுக்கிறது?"

சதாசிவம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையில் ஓடிய வரிகளைப் பார்த்தார். அத்தனையும் எண்கள். விரலை வைத்தார். "ஆயிரத்து எண்பதிலிருந்து ஆயிரத்து நூத்தி நாப்பது வரைக்கும். நம்பர் பத்துப் பத்தா ஏறுது, ஏழு வரி. அது வேண்டாத டேட்டா."

மாயவன் ஏழு வரியையும் அழித்து, வேறு பெயரில் சேமித்தான். ஓடியது. பங்களா இருந்த ஏழாம் கல்லில் மூன்று வருஷத்தில் பதினெட்டு மீட்டர் மணல் ஏறும் என்று திரை சொன்னது. சதாசிவம் அந்த மணலில் இப்போதே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டவர்போலச் சிரித்தார்.

அன்று மாயவன் வீட்டுக்கு வந்தபோது ஆதியம்மாள் முளையைப் பிடுங்கி உள்ளே தள்ளி அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, நேத்துதான அடிச்ச?"

"நேத்து அடிச்ச எடத்துல தண்ணி நிக்கிது நைனா. இந்த மாசம் இது மூணாவது வாட்டி."

"ஆடிக் காத்தும்மா. பத்து நாளா ஒரு போட்டுகூட எறங்கல. கடல் அப்பிடி கீது."

"ஆடி வருஷா வருஷந்தான் வருது. முளை இந்த வருஷந்தான் சாயுது. அந்தாளு தகரம் அடிச்சி மூடிகினு இன்னா பண்றான்?"

"காம்பவுண்டு செவுத்துக்கு அஸ்திவாரமாம்."

"எங்க, தண்ணிக்குள்ளயா?" என்றாள் ஆதியம்மாள். மாயவன் சோற்றைப் பிசைந்தான்.

பங்களாவின் வடக்கு எல்லையில் தகரத் தடுப்பு மணலைத் தாண்டி அலைக்குள்ளேயும் நாலடி போயிருந்தது. அதன்மேல் இருபதடி ஃபிளெக்ஸ். அதில் சதாசிவம் கைகூப்பிக்கொண்டு கடலை வரவேற்றார். காற்று அடிக்கும்போதெல்லாம் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் குப்பத்துக்குள் எல்லா வீட்டிலும் கேட்டது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு ஆணி துருப்பிடித்து விழுந்தது. உப்புக் காற்றில் ஆணி எத்தனை நாள் நிற்கும்? ஆணியோடு ஒரு கண்ணாடிச் சட்டமும் விழுந்து உடைந்தது. ராஜம் ஃபிளாப்பி வைத்திருந்த காகித உறையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் சதாசிவம். முன்பக்கம் ராஜத்தின் அழகான கையெழுத்தில் தலைப்பு இருந்ததால் அந்தப் பக்கம் மனிதர்களைப் பார்த்தது. பின்பக்கம் சுவரைப் பார்த்தது. மாயவன் கண்ணாடித் துண்டைப் பொறுக்கும்போதுதான் பின்பக்கம் இருந்ததைப் படித்தான்.

'கண்ட்ரோல் கட்டையை அழுத்திக்கொண்டே ஆன் செய்யவும். பீப் சத்தம் வரும்வரை விரலை எடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் இது இல்லாத இரண்டாவது டிரைவுக்கும் இடம் பிடித்து வைத்துக்கொள்ளும்.'

இல்லாத ஒன்றுக்குப் பாய் விரித்து இடம் போட்டுவிட்டு, இருப்பதற்கு இடமில்லை என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது மெஷின். மாயவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு சுவிட்சைப் போட்டான். பீப் என்றது. விரலை எடுத்தான். ராஜத்தின் முழு ப்ரோகிராமை, ஏழு வரியும் இருக்கிறதை, ஏற்றி ஓடவிட்டான். மெமரி போதவில்லை என்ற வரி வரவில்லை. ஒவ்வொரு கல்லாக வந்தது.

ஏழு: பதினெட்டு மீட்டர் ஏறும். எட்டு: பன்னிரண்டு மீட்டர் இறங்கும். ஒன்பது: முப்பத்தொரு மீட்டர் இறங்கும்.

சிரிப்பு நின்றது. அம்மா அரிவாள்மணை தீட்டும் கல். தான் இரண்டு வாரத்துக்கு முன்னால் தன் விரலாலேயே அழித்த வரி. பத்து, பதினொன்று என்று குப்பம் முழுக்கத் திரையில் இறங்கிக்கொண்டே போனது.

சதாசிவம் வந்ததும் காட்டினான். அவர் திரையைப் பார்க்கவில்லை. உடைந்த சட்டத்தைப் பார்த்தார்.

"இதை யாரு கழட்டச் சொன்னா?"

"அதுவா வுழுந்துச்சி சார். இத பாரு சார், ஒம்பது எங்க வூடு. நீங்க அழிக்கச் சொன்ன ஏழு வரியும் வடக்கால இருக்கிற கல்லுங்க."

"தெரியும்ப்பா. மெமரி இல்ல, எதையாவது எடுக்கணும். வடக்குப் பக்கம் யாரு இருக்கா, எடுத்தேன்."

"நாங்க கீறோம் சார்."

"நான் டெக்னிக்கலா சொன்னேன்," என்றார் சதாசிவம். பிறகு குரலைத் தாழ்த்தி, அன்போடு சொன்னார்: "நாளன்னிக்கி நீ சின்ன வெர்ஷனையே போடு. அந்தம்மா நுணுக்கமெல்லாம் கேக்கமாட்டாங்க. உனக்கும் ஒரு சால்வை சொல்லிவச்சிருக்கேன்."

விழா காலை பதினோரு மணிக்கு. குத்துவிளக்கு காற்றில் மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை ஏற்றியதாக வைத்துக்கொண்டார்கள். ஏசி இரைந்தது. வெளியே தகரம் அடித்துக்கொண்டிருந்தது. வினிதா முன்வரிசையில், சால்வை வழுக்கி விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சதாசிவம் மைக்கில் இருபத்தைந்து நிமிஷம் பேசினார். அன்றைக்கு எவ்வளவு குறைந்த மெமரியில் எவ்வளவு பெரிய விஷயம் செய்தோம் என்றார். "இந்த மெஷின் ஒரே ஒரு வேலைதான் செய்யும் மேடம். உண்மையைச் சொல்லும்!" கைதட்டினார்கள். "மாயவா, ஆன் பண்ணு."

மாயவன் மெஷின் முன்னால் உட்கார்ந்தான். வலது கை சுவிட்சில். இடது கையை எங்கே வைப்பது என்பதுதான் விஷயம். கண்ட்ரோலைத் தொடாமல் ஆன் செய்தால் சின்ன ப்ரோகிராமுக்கு மட்டும்தான் இடமிருக்கும். மெஷினே அவனுக்காகப் பொய் சொல்லிவிடும், அவன் ஒன்றுமே செய்யவேண்டாம். சால்வை வரும். பெரிய மனுஷன் சிநேகம் நிலைக்கும். சதாசிவம் பக்கத்தில் நின்று அவன் தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்தது.

மாயவன் கண்ட்ரோலை அழுத்தினான்.

மூன்று, நாலு விநாடிதான். ஆனால் ஒரு விரலை ஒரு இடத்தில் அழுத்தி வைத்திருக்க மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தோளில் இருந்த கை இறுகியது. பீப் என்றது.

முழு ப்ரோகிராமை ஏற்றி ஓடவிட்டான். பெரிய திரையில் கற்கள் வரிசையாக வந்தன. ஏழாம் கல் வந்ததும் சதாசிவம் மைக்கைப் பிடித்து, "பதினெட்டு மீட்டர்! பாத்தீங்களா?" என்றார். அதோடு திரை நிற்கும் என்று எதிர்பார்த்தார். நிற்கவில்லை. எட்டு வந்தது. ஒன்பது வந்தது.

வினிதா எழுந்து கிட்டே வந்தார். "ஒன்பதுல முப்பத்தொண்ணு மைனஸ்ல இருக்கே. அது யாரு இடம்?"

"எங்க வூடு மேடம்," என்றான் மாயவன்.

யாரோ இருமினார்கள். சதாசிவம் சிரிக்க முயன்றார். "பழைய மெஷின் மேடம். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இதையெல்லாம் நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது."

வினிதா பொன்னெழுத்துப் பலகையை ஒரு தடவை படித்தார். "அப்போ அந்தப் பதினெட்டும் சொல்ல முடியாதா சார்?"

சதாசிவத்தின் ஆறு பட்டத்தில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"புதுசா சர்வே எடுக்கச் சொல்றேன்," என்றார் வினிதா. "அதுவரைக்கும் கடல்ல ஒரு கல்லுகூட விழக் கூடாது." சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தது. மாயவன் ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினான். மனசு லேசாக இருந்தது. எப்போதும் தகரத்தைச் சுற்றி ரோட்டு வழியாகத்தான் வீட்டுக்குப் போவான். இன்று பங்களாவின் உள்பக்கமிருந்து, ஃபிளெக்ஸுக்குப் பின்னால் நடந்தான்.

அங்கே காம்பவுண்டு சுவர் எதுவும் இல்லை. கரையிலிருந்து கடலுக்குள், தகரம் மறைக்கிற தூரத்துக்கு, கருங்கல் வரிசை போயிருந்தது. ஆள் உயரக் கற்கள், இருபத்தைந்து முப்பது இருக்கும். அடியில் இருந்தவற்றில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. நேற்றுப் போட்டதில்லை. தெற்குப் பக்கம் மணல் வழவழவென்று மேடாக ஏறியிருந்தது. வடக்குப் பக்கம் கத்தியால் வெட்டினமாதிரி மணல் அறுந்து, இடுப்பளவு பள்ளம். அதற்குள் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

அனுமதி கேட்கத்தான் விழா. கல் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது. ப்ரோகிராம் சொன்ன மூன்று வருஷம் எப்போது தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

அவன் தகரத்தின் ஓரமாக முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சுற்றி வீட்டுக்கு வந்தான். பின்னால் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. சாப்பாட்டுக்கு வந்த வண்டியாகவும் இருக்கலாம்.

ஆதியம்மாள் வாசலில் குனிந்து நின்றாள். கையில் முளை, இன்னொரு கையில் சுத்தியல். ஒன்பதாம் நம்பர் கல்லின் அடியில் நுரை வந்து தொட்டுவிட்டுப் போனது.

"மறுபடியும் சாஞ்சிடுச்சி நைனா. இந்த வாட்டி கொஞ்சம் நல்லா உள்ள தள்ளியே அடிச்சிடலாம்னு பாக்குறேன். எவ்ளோ தூரம் தள்ளட்டும், சொல்லு."

மாயவன் தண்ணீர் விளிம்பில் நின்று, மீட்டருக்கு ஒன்றாக நீள நீளமாக எட்டு வைத்து எண்ணினான். பதினாலில் வாசற்படி வந்தது. நிற்காமல் உள்ளே போனான். பதினெட்டில் அடுப்பு. இருபத்திரண்டில் பின்சுவர். சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றான். இன்னும் ஒன்பது பாக்கி இருந்தது.

"டேய், காதுல வுழலயா? எங்க அடிக்கட்டும்?" என்று வாசலிலிருந்து கேட்டாள் ஆதியம்மாள்.